தலையெழுத்து

வூச் என்று சொல்வோம் எங்கள் ஊரை.
எழுதிப் பார்த்தால் அதில் வ-வும் இல்லை, ச-வும் இல்லை.
படகு என்று பொருள்.
மிதக்கவிட ஆறு கிடையாது;
இருந்த ஆறுகளைக் குழாய்க்குள் தள்ளி
மேலே டிராம் ஓட்டுகிறோம்.

குடிநீர் வாரியத்தில் எனக்கு இரவு வேலை.
இரண்டு அட்டவணை, ஒரே சனம்.
பழையது தொண்ணூற்றாறில் ஏற்றியது,
எழுத்துக்கு ஒரு பைட், கச்சிதம்.
புதியது யூனிகோட்.
கோடும் வாலும் உள்ள எழுத்துக்கு அதில் இரண்டு பைட்.
இரண்டையும் ஒரே தரவுத்தளத்தில் கொட்டிய ஒப்பந்தக்காரர்
குறியாக்கம் ஒன்றே எனக் கையெழுத்துப் போட்டுவிட்டு
க்தான்ஸ்க் போய்விட்டார்.

போகுமிவா வபெஞ்ச்.
குடும்பப் பெயர் பழையதில் ஆறு பைட், புதியதில் ஒன்பது.
இணைத்துப் பார்த்தேன்: பூஜ்ஜியம் வரிசை.
இவள் வேறு, அவள் வேறு என்கிறது இயந்திரம்.
ஒருத்தி மாதம் தவறாமல் கட்டுகிறாள்,
ஒருத்தி ஏழு வருடமாகக் கட்டவேயில்லை.
கட்டாதவளுக்கு நோட்டீஸ் போயிற்று,
கட்டியவள் வீட்டுக் கதவுக்கு.

வபெஞ்ச் என்றால் அன்னம்.
பாலையும் நீரையும் பிரிக்குமாம் அன்னம்.
இங்கே அதுவே கலந்து கிடந்தது.

பிரித்துவிடலாம் என்றுதான்
மூன்றே கால் மணிக்கு அந்த ஒற்றை வரியை ஓட்டினேன்.
ஏற்கெனவே மாறியவை இன்னொரு முறை மாறின.
இடம் கிடைக்காத எழுத்தெல்லாம் கேள்விக்குறி.
தப்பான எழுத்தென்றால்
வந்த வழியே நடந்து பிடித்துவிடலாம்.
கேள்விக்குறிக்குப் பின்னால் எதுவும் இல்லை.
வியாழக்கிழமைக் காப்புப் பிரதி?
அதை எடுத்தவனும் நான்தான்.

நானூற்றுப் பன்னிரண்டு பெயர்.
டோபியாஸ் பட்டியலை அச்சடித்து மேசையில் வைத்தான்.
"போன் இருக்கில்லையா" என்றான்.

ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டேன்.
பானி வபெஞ்ச், உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள்?
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"இப்போதாவது கேட்டீர்களே.
பில்லில் என் தலையெழுத்து பவுண்டு குறியாக வரும்.
லண்டனில் யாரோ சொத்து எழுதிவைத்ததாக
நினைத்துக்கொண்டிருந்தேன்."
பிறகு, நிதானமாக:
"எல். குறுக்கே ஒரு கோடு, சாய்வாக.
நேராகப் போட்டால் எனக்குப் பிடிக்காது.
நடுவில் ஒரு எ, அடியில் வால்.
கடைசி எழுத்தின் தலையில் கீற்று.
புள்ளி இல்லை, கேட்டுக்கொள், கீற்று."

ஒவ்வொன்றாக அடித்தேன்.
"அந்த இன்னொருத்தி எவ்வளவு பாக்கி?"
நாலாயிரத்துச் சொச்சம் ஸ்வோட்டி.
"அடிப் பாவி,
குளித்துக்கொண்டேயா இருந்தாள்?"

குளித்துக்கொண்டிருந்தவளை அழிக்கும்போது
விரல் ஒரு நொடி விசைமேல் நின்றது,
ஏனென்று தெரியவில்லை.
இணைத்தேன். ஒரு வரிசை.

அடுத்த பெயர் முழுக்கவே கேள்விக்குறி,
நான்கு.
அந்தப் பக்கம்
மணி அடிக்கிறது.