எண்பத்தொரு சதவீதம் காட்டெருமை

அஸ்தம்பட்டி பங்கில் பெட்ரோல் போடும்போதே தூறல்.
முதுகுப்பையில், துண்டு சுற்றிய
புது ப்ராசஸர் இரண்டு.
உள்ளங்கை அகலம்தான்.
விலைக்கு என் வண்டியைப்போல் ஐந்து வாங்கலாம்.
அடிவாரம் செக்போஸ்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
தட்டுவடை என்று நினைத்துக்கொண்டார் போல,
போ என்றார்.

நாகலூர் தாண்டிய மேட்டில்
டவரின் காலடியில் ஓர் இரும்பு அலமாரி.
உள்ளே பழைய சர்வர்
ஈசல் இறகும் காப்பிப்பூத் தூளும் தின்று
எண்பது டிகிரியில் கத்திக்கொண்டிருந்தது.
பெர்னதெத் டார்ச் பிடித்தாள்.
அவளுக்குச் செம்மடுவு; மூடுபனியில் கண் தெரியும்.
எனக்கு என் கண்ணாடிதான் தெரியும்.

மணிக்கட்டில் எர்த் பட்டை.
புதிய சிப்பின் முதுகில்
வெப்பப் பசை வைத்தேன்:
ஊறிய ஜவ்வரிசி, ஒன்றே ஒன்று.
கூடினால் வழியும், குறைந்தால் வேகும்.
சேகோ ஃபேக்டரிக்குப் பின்தெருவில் பிறந்தவன்,
இந்த அளவு தப்பாது.

இதுவரை
இந்த மலையில் ஒரு கேமரா எதைப் பார்த்தாலும்
அது இன்னதென்று தானாகச் சொல்லாது.
படத்தை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி
சேலம் வழியாகச் சென்னைக்கு அனுப்பும்.
அங்கே குளிரூட்டிய ஓர் அறை யோசிக்கும்.
பதில் மறுபடி மலையேறும்.
ஒவ்வொரு அடைமழைக்கும் ஒன்பதாவது வளைவில்
மண் தள்ள வந்த ஜேசிபி கேபிளை அறுக்கும்.
அன்றைக்கு முழுக்க மலைக்குப் பக்கவாதம்.

இனி யோசனை இங்கேயே.
கண்ணிமை, கைநொடி:
நம் இலக்கணம் நேரத்தை அளந்த கருவி இரண்டும்
உடம்பிலேயே இருந்தன.
‘அ’ என்று ஒரு குறில் சொல்லி
நான் வாய் மூடுவதற்குள்
இது முப்பது தடவை பார்த்து
முப்பது தடவை முடிவெடுக்கும்.

ஆறரைக்கு உயிர் வந்தது.
சத்தமே இல்லை,
அதுதான் முதலில் பயமாக இருந்தது.
பெர்னதெத் போனை நீட்டினாள்.
நான்கு மில்லிசெகண்ட்.
போன வாரம் நாற்பத்தேழு.
மிச்சமான நாற்பத்து மூன்றை என்ன செய்வது
என்று கேட்டுச் சிரிக்கப் போனேன்,
நிறுத்திக்கொண்டேன்.
போன ஐப்பசியில், கேபிள் அறுந்த வாரத்தில்,
விளக்கு எரியாத பதினான்காம் வளைவில்
எருமைமேல் வண்டியை விட்டவன்
அவள் தம்பி ரொசாரியோ.
இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான்.
அதை அவள் பேசவில்லை.
கழற்றிய ஸ்க்ரூக்களை எண்ணினாள்:
பதினாறு, சரி.

எட்டு மணிக்கு இறங்கினேன்.
கருப்பு ரெயின்கோட், உள்ளே பை,
கூன் விழுந்த முதுகு.
பதினான்காம் வளைவுக்கு முன்னால்
எச்சரிக்கை விளக்கு
சிவப்பாய் இமைக்கத் தொடங்கியது.

நின்றேன். எஞ்சினை அணைத்தேன்.
ஏதோ மூச்சு விடுகிறதா என்று கேட்டேன்.
சில்வர் ஓக்கிலிருந்து சொட்டும் தண்ணீர்.
என் மூச்சு.
பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது.
யாரோ கண்ணாடியைத் திறந்து
‘எத்தனை உருப்படி?’ என்றார்.
தெரியவில்லை என்றேன்.

பத்து நிமிடம் பொறுத்து
சென்னையில் இர்ஃபானாவைக் கூப்பிட்டேன்.
பதினாலுல என்ன நிக்குது, பாரு.

கீபோர்டு தட்டும் ஓசை.
கொஞ்சம் மௌனம். பிறகு சிரிப்பு.
‘காட்டெருமை. எண்பத்தொரு சதவீதம்.
ரெயின்கோட் போட்டிருக்கு.
இப்ப போன் பேசுது.’

நான்கே மில்லிசெகண்டில்
இவ்வளவு தெளிவான தப்பு.
எனக்குக் கோபம் வரவில்லை,
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

‘தப்புன்னு குறிச்சு அனுப்பிடறேன்,
ராத்திரியே திருத்திப் படிச்சுக்கும்.
வரம்பையும் தொண்ணூறுக்கு ஏத்திடவா?’

குறிச்சுக்கோ என்றேன்.
வரம்பை ஏத்தாதே.
எருமை இல்லாத இடத்தில்
நாலு பேர் நின்னுட்டுப் போகட்டும்.

பஸ் ஹாரன் அடித்தது.
கிளம்பினேன்.
பதின்மூன்று இறங்கி, பன்னிரண்டில் திரும்பும்போது
அண்ணாந்து பார்த்தேன்.
நான் இல்லாத இடத்தில்
பனிக்குள்ளே அந்தச் சிவப்பு
இன்னும் இமைத்துக்கொண்டிருந்தது.