எட்டுக் கட்டம்

மருத்துவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது
மேவிஸ் மடியில் விரல்விட்டு எண்ணினாள்: எட்டு எழுத்து.
ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்தில்
எத்தனை முறை பென்சிலால் நிரப்பியிருக்கிறாள்.
குறிப்பு எப்போதும் ஒன்றுதான்: சோம்பேறி.

இன்டலன்ட், என்றார் மருத்துவர் மறுபடியும்,
திரையில் அந்தக் கட்டியைச் சுட்டி.
ஹெட்லிக்குக் காது மந்தம்.
"யாரைச் சொல்றாங்க?"
"உன்னை இல்ல. உள்ள இருக்கிறதை."

நாற்பத்தொரு வருடம்
கிரிம்ஸ்பி மீன்துறையில் காட் மீன் அறுத்தவன்.
விடியாத மூன்று மணிக்கு ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டவன்.
மகன் பிறந்த அன்று பாதியில் கிளம்பியதற்குப்
பிடித்துக்கொண்ட அரைநாள் கூலியை
இன்னும் சொல்லிக்காட்டுகிறவன்.
அவனுக்குள் ஒரு சோம்பேறி
வாடகை தராமல் குடியிருக்கிறது.

மெதுவாக வளரும் வகை. இப்போதைக்கு
ஊசி இல்லை, மாத்திரை இல்லை,
பார்த்துக்கொண்டு இருப்போம்.
"சும்மாவா?"
சும்மாதான்.
நோயைவிட அந்த வைத்தியம்தான்
அவனுக்குப் பிடிபடவில்லை.

இரவு மேவிஸ் அட்டை கிழிந்த அகராதியை எடுத்தாள்.
சொல்லின் அடியில் லத்தீன்: டோலோர் என்றால் வலி.
முன்னால் ஒட்டிய இன், இல்லை என்கிறது.
நோகாதது. ஆதியில் அவ்வளவுதான்.
எதுவும் தம்மைத் தீண்டக் கூடாதென்ற
தத்துவக்காரர்களுக்கு அது ஒரு வரம்.
வைத்தியர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள்,
அழுத்தினாலும் கத்தவைக்காத வீக்கங்களுக்கு.
அங்கிருந்து எப்படியோ
பட்டு நாற்காலிகளில் ஏறி உட்கார்ந்தது,
மணியடித்தால் தேநீர் வருகிற வீடுகளில்.
கடைசியில் வசவாகிப் படியிறங்கி
தேநீர் கொண்டுவந்தவன் மேலேயே விழுந்தது.
(இந்தக் கடைசி வரி அகராதியில் இல்லை.
மேவிஸ் சேர்த்துக்கொண்டது.)

நம் பக்கம் இதற்கு லத்தீன் வேண்டாம்.
நோகாமல் நுங்கு தின்கிறவன் என்றால் போதும்.
ஆனால் வலிக்கு வலிமை என்றும்
பொருள் வைத்துக்கொண்டவர்கள் நாம்.
அது இல்லாததை எந்தக் கணக்கில் எழுதுவது?
நான் இங்கே குழம்பி நிற்கிறேன்.
மேவிஸ் நிற்கவில்லை. அவனை எழுப்பினாள்.

"உனக்கு எங்கெல்லாம் நோகுது?"
"எங்க நோகலைன்னு கேளு."
கட்டைவிரல், மணிக்கட்டு, ஐஸ் தின்ற கணுக்கள்,
இடுப்பு, மீன்பெட்டி விழுந்த இடது பாதம்.
பிறகு கழுத்தோரம் விரல் வைத்தான்.
"இது மட்டும்."

அதற்கு கோர்டன் என்று பெயரிட்டான்,
முப்பது வருடத்தில் ஒரு பெட்டியும் தூக்காத
மேஸ்திரியின் பெயர்.
கோர்டன் எப்படி இருக்கான் என்பாள்.
தூங்குறான் என்பான்.
கோடை அப்படியே போயிற்று.

நவம்பரில் ஒரு காலை
பத்தரை மணிக்கும் ஹெட்லி எழவில்லை.
கல்யாணமான நாளிலிருந்து நடக்காத ஒன்று.
மாடிப்படியில் மேவிஸ் நின்றாள்,
கையில் காலிக் கெட்டில்.
"என்ன செய்யுது?"
"ஒண்ணும் செய்யல. இன்னிக்கு எங்கயும் நோகல."
அந்தக் குரலில் ஒரு சுகம்,
அவள் அதுவரை கேட்டிராதது.

கட்டிலில் உட்கார்ந்தாள்.
போர்வைக்கு வெளியே கிடந்த கையை எடுத்து
நடுவிரலின் வீங்கிய கணுவை
பலமாக அழுத்தினாள்.
துறைமுகத்துக் கெட்ட வார்த்தை ஒன்று
சுவரெல்லாம் மோதிற்று.
இன்னொரு முறை அழுத்தினாள்.
பிறகுதான் கீழே போய்த் தண்ணீர் வைத்தாள்.