மூண்டுக்கு ரெண்டடி

மூண்டுக்கு ரெண்டடி பிளெக்ஸ்.
மஞ்சள் பின்னணி, சிவப்பெழுத்து.
"நண்டொண்டும் போட்டுவிடு தம்பி,
கால் முழுக்கத் தெரியவேணும்"
எண்டவ அக்னேசக்கா.
முற்பணம் ஐந்நூறு.
தாளிலை ஒரு மீன்செதில் ஒட்டிக்கிடந்தது.

ஓம் எண்டன்.
மூண்டு கிழமை அடிக்கேல்லை.

மை முடிஞ்சுது எண்டன்.
கரண்ட் சரியில்லை எண்டன்.
நண்டின்ரை படம்
கொழும்பிலையிருந்து வரவேணும் எண்டன்.
"கொழும்பிலையிருந்தோ,
குருநகர் நண்டுக்கோ?" எண்டு சிரிச்சா.

உண்மை இதுதான்:
வெள்ளிக்கிழமை மூண்டரை.
வலை காயுற மதிலுக்குப் பின்னாலை
ஒரு தகரப் படலை.
தட்டத் தேவையில்லை, தள்ளினால் காணும்.
உள்ளை ஒரு பெரிய சட்டி.
ஒடியல்மா கரைச்சு விட்ட கையோடை
கூழ் தடிக்கிற சத்தம்,
சேறு மூச்சுவிடுற மாதிரி.
என்ன போட்டதெண்டு கேக்கப்படாது.
நண்டுக்கால் வரும், இறால் வரும்,
பலாக்கொட்டை, பயித்தங்காய்,
ஒருக்கால் எனக்கு
முழுசா ஒரு குட்டிக் கணவாய் வந்தது.
ஆருக்கும் காட்டாமல் விழுங்கினன்.

பிளாவிலைதான் குடிக்கவேணும்.
கோப்பை கேட்ட பாங்க் மனேச்சரை
அக்கா ஒருக்கால் பாத்தா, அவ்வளவுதான்.
அடுத்த கிழமை மனிசன்
தானே ஓலை மடிச்சுக்கொண்டு வந்தார்.

முப்பது பேர் வருவம்.
முகம் தெரியும், முக்கால்வாசிப் பேருக்குப் பேர் தெரியாது.
ஐஸ் லொறி றைவர்.
ஆஸ்பத்திரி உடுப்போடை ரெண்டு நேர்ஸ்மார்.
அஞ்சுசந்தியிலை சைக்கிள் திருத்துற நிசாம்தீன் நானா.
மூக்கைச் சிந்திக்கொண்டே
மூண்டாம் பிளா கேக்கிற தமிழ் வாத்தியார்.
உறைப்பிலை எல்லாருக்கும் கண்ணீர்.
ஆரும் கதைக்கிறேல்லை.
றோட்டிலை கண்டால் தலையாட்டுறதும் இல்லை,
சேர்ந்து களவுக்குப் போனவை மாதிரி.

வெளிநாட்டாலை வந்து
"இஞ்சை நல்ல சாப்பாடு எங்கை?" எண்டு கேக்கிறவைக்கு
நல்லூரடியிலை ஐஸ்கிறீம் எண்டு கைகாட்டிவிடுறனான்.
பொய்யில்லை. அதுவும் நல்லதுதான்.

நாலாம் கிழமை அக்கா என்ரை கடைக்கே வந்தா.
கதிரை போட்டன், இருக்கேல்லை.
"மூத்தவள் கோர்ஸொண்டுக்கு எடுபட்டிட்டாள்.
மாதம் பதினெண்ணாயிரம்.
முப்பது பிளாவிலை அது வராது."
எனக்குச் சொல்லேல்லை,
என்ரை மெஷினைப் பாத்துச் சொன்னா.
அது அந்த நேரம் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது,
ஆற்றையோ சாமத்தியவீட்டுப் பிள்ளைக்குக்
கன்னத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு.

அண்டிரவே அடிச்சன்.
நண்டு வடிவா வந்தது, பத்துக் காலும்.
அக்கா விரிச்சுப் பாத்தா,
ஒருக்கால் மணந்தும் பாத்தா.
"எல்லாம் சரி தம்பி.
றோட்டுப் பேர் எங்கை?"

மறந்துபோனன் எண்டன்.
மறக்கேல்லை எண்டு அந்த நண்டுக்கும் தெரியும்.

திருப்பி அடிச்சன், அம்புக்குறியும் போட்டு.
மிச்சக் காசு வாங்கேல்லை.

பிறகு வந்த வெள்ளி, நாலேகால்.
மதிலடியிலை ரெண்டு வான்.
படலை திறந்தபடி.
சட்டி கவிட்டுக் கிடக்கு.
ஒரு பொடியன் என்ரை நண்டுக்குப் பக்கத்திலை
பல்லைக் காட்டிக்கொண்டு படமெடுக்கிறான்.
"உன்ரை போட் நல்லா வேலை செய்யுது தம்பி,"
கை கழுவிக்கொண்டே அக்கா,
"இனி மூண்டு மணிக்கே வா."

வெளியிலை வாத்தியார்
சைக்கிளைப் பிடிச்சபடி நிண்டார்.
போட்டை மேலையிருந்து கீழை வரைக்கும் வாசிச்சார்.
இத்தினை வருசத்திலை முதல்முதலாய் என்னோடை வாய்திறந்து,
"எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை" எண்டார்.

அதுக்குக் கன்னத்திலை ஒண்டு தந்திருக்கலாம்.

இப்ப நாங்கள் ரெண்டுபேரும்
செவ்வாய்க்கிழமையிலை ஓரிடத்துக்குப் போறம்.
இறால் வடை.
இறாலின்ரை மீசை கருகியும் கருகாமலும்
மாவுக்கு வெளியிலை நீட்டிக்கொண்டிருக்கும்.
பலகை இல்லை.
எழுதித் தரட்டோ எண்டு நான் கேக்கவும் இல்லை.
எந்தப் பக்கமெண்டால்,

நல்லூரடியிலை ஐஸ்கிறீம்
நல்லது.