வலது பை

முதல் செயலியில் அதற்குப் பெயர்
"சமையலறைக் குழாய்."
ஏழு நாள் இலவசம்.
எட்டாம் நாள் மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றது.
வாடகை கூட்டிய வீட்டைக் காலிசெய்கிறவளைப் போல்
பட்டியலைச் சட்டிபானையாய்க் கட்டிக்கொண்டு
அடுத்ததற்குக் குடிபோனேன்.

அங்கே நான்கு கட்டங்கள்.
அவசரமும் முக்கியமும்,
அவசரமில்லாத முக்கியம்,
முக்கியமில்லாத அவசரம்,
இரண்டுமில்லாதது.
சொட்டுகிற குழாயை எங்கே வைக்க?
சொட்டு விழும்போது அவசரம்.
அடுத்தது வரும்வரை இல்லை.

மூன்றாவது, தயாநிதி சொன்னது.
அவன் வாழ்க்கையே அதில் பலகையாய் நிற்கிறது:
செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, செய்தது.
ஆபீசில் மென்பொருளை நகர்த்துகிற மாதிரியே
மாமனாரின் கண்புரையையும் நகர்த்துகிறான்.
நடு வரிசையில் மூன்று மாதமாய்
"கல்யாண நாள் பரிசு."

நான் வண்ணங்கள் தேர்ந்தேன்.
வீட்டுக்கு மஞ்சள், வேலைக்கு நீலம்,
எல்.ஐ.சி. தவணைக்குச் சிவப்பு.
ஒரு ஞாயிறு முழுக்க இதற்கே போனது.
அந்த ஞாயிற்றை எந்த வண்ணத்தில் குறிப்பது?

குழாயின் கீழே வைத்த வாளியோ
நினைவூட்டல் எதுவுமில்லாமல்
தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு நிரம்பியது.
பேகூர் ரோட்டில்
தண்ணீர் லாரிக்கு வீட்டுக்கு எண்ணூறு வசூலித்த மார்ச்.
அந்த வாளியில்தான் பாத்திரம் கழுவினேன்.
சொல்லப்போனால் அந்த வீட்டில்
நேரத்துக்கு நடந்த ஒரே வேலை அது.

நான்காவதற்குக் குரல் போதுமாம்.
மெட்ரோவில் கிசுகிசுத்தேன்:
"மாதேஷுக்குப் போன் பண்ணணும்."
"மாதேசுக்குப் பொன் பண்ணணும்" என்று எழுதிக்கொண்டது.
ஹொங்கசந்திராவிலிருந்து சில்க் போர்டு வரை
முன்பின் தெரியாத மாதேசு ஒருவனுக்கு
பொன் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்தது செயலி இல்லை, நோட்டு.
ஆயிரத்து நானூறு ரூபாய்.
துணி அட்டை, புள்ளி வைத்த தாள்.
எழுதினால் கெட்டுவிடும் என்று
இன்னும் எழுதவில்லை.

கடைசியில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தது.
சுரேகா ஹெக்டே படியேறி வந்தார்,
கன்னடத்தில் பாதி, கையால் மீதி பேசினார்,
என் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டார்.
அரை மணியில் மாதேஷ் நின்றான்.

"பிப்ரவரியிலயே கேட்டுகிட்ட சொன்னீங்களே அக்கா."
சொன்னேனா?
எந்தச் செயலியிலும் அது இல்லை.

பேன்ட்டின் வலது பையில் கைவிட்டு
ஒரு பிடி தேய்ந்த வாஷர்களை எடுத்துக் காட்டினான்.
யாராவது வேலை சொன்னால் ஒன்று வலது பையில்.
முடித்தால் இடது பைக்கு.
"ராத்திரி வலது பக்கம் லேசா இருந்தா
தூக்கம் வரும்."

"அப்போ என்னோடது?"

சிரித்தான்.
"பேன்ட்டோட மெஷின்ல போட்டுட்டா பவ்யா.
பதினோரு வாஷர். எது எந்த வீடுன்னு
அப்புறம் எனக்கே தெரியல.
இப்போ யார் கத்துறாங்களோ அவங்க வீடுதான்."

பத்து நிமிடம். ஒரு ஸ்பேனர்,
இரண்டு சுற்று வெள்ளை டேப், நூற்றைம்பது ரூபாய்.
அவன் கை கழுவுவதற்குள்
நான்கு செயலிகளிலும் டிக் அடித்தேன்.
மூன்றில் வண்ணக் காகிதங்கள் தூவின.
முதலாவது மட்டும்
தொடர விருப்பமா என்று கேட்டது.

செருப்பு மாட்டியவன் திரும்பி வந்து
கழற்றிய வாஷரை என் உள்ளங்கையில் வைத்தான்.
மாற்றியதற்கு அத்தாட்சியாம்.
கறுப்பாய், ஓரம் தின்றுபோய், இன்னும் ஈரமாய்.

வலது பக்கம் தடவிப் பார்த்தேன்,
இடது பக்கமும்.
இந்தக் குர்த்தாவுக்குப் பையே கிடையாது.