கிழக்கு: ஆறு

ததேயுஸ் ஏறியிருக்கும் கப்பலுக்குக் கடல் இல்லை.
ஆறுதான். டான்யூப் என்கிறான்.
நூற்றெண்பது பேர் தின்ற தட்டுகளை
மூன்று பேர் கழுவுகிறார்கள்.
"நேத்து வியன்னா. உறங்கி எழும்பினா வேற நாடு.
மொத்தம் பத்தாம், கேட்டியா?"
ஒவ்வொரு நாடும் அவன் போனில்
குறுஞ்செய்தியாக வந்து வரவேற்கிறது.
சுறாவுக்குப் போன காலத்தில்
எல்லை தாண்டினாய் என்று
ஏதோ தீவின் சிறையில் ஏழு மாதம் கிடந்தவன்
இப்போது வாரத்துக்கு நான்கு எல்லை தாண்டுகிறான்,
முழங்கை வரை சோப்பு நுரையோடு.

நான் குழித்துறையில் நிற்கிறேன்.
ஏஜெண்டுக்குக் கொடுத்த வட்டிப்பணம் அடைய
வீட்டை வங்கியில் ஈடு வைக்க வேண்டும்.
வீட்டு ஆதாரத்தைப் புரட்டிய பெண்
"இது மலையாளம்லா" என்றாள்,
செத்த பல்லியைத் தூக்குவதுபோல் ஓரம் பிடித்து.

மலையாளம்தான்.
கொல்லவருஷம் ஆயிரத்து நூற்றியிருபதில்
ததேயுஸின் பாட்டன் எழுதி வாங்கிய
பதினொன்றரை சென்ட்.
அன்றைக்கு இரயுமன்துறை திருவிதாங்கூரில் இருந்தது.
பிறகு திரு-கொச்சியில்.
பிறகு ஒரு நவம்பர் ஒன்றாம் தேதி
விடியுமுன் மரம் இறக்கிப் போனவர்கள்
மத்தியானம் மீனோடு
தமிழ்நாட்டில் கரையேறினார்கள்.
மீன் விலை மாறவில்லையாம்.

ஸ்ரீகண்டன் நாயர் பக்கத்துக்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
தமிழாக்குகிறார். வாய்விட்டுப் படிக்கிறார்:
வடக்கு: சில்வேரி வகை தெங்கு நின்ற மண்.
தெற்கு: கடப்புறம்.
மேற்கு: நடைவழி.
கிழக்கு: ஆறு.

"பேரு போடலியே. என்ன எழுதட்டும்?"

மேலே கோதையாறு, பரளியாறு.
இந்தப் பாலத்தடியில் குழித்துறையாறு.
பிள்ளைகளின் புத்தகத்தில் தாமிரபரணி,
அதுவும் நெல்லைக்காரர்களிடம் இரவல் வாங்கியதுபோல்.
எங்களுக்குப் பொழி.
மூன்று பஸ் மாறினால்
முழு ஆறும் முடிந்துவிடும்.
இக்கரையில் கோயில் மணி, அக்கரையில் பாங்கு,
நடுவில் நூற்றைம்பது கை துடுப்பு
என்று ஒரு காலம். இப்போது பாலம்.

டான்யூப் எந்த நாட்டில் எந்தப் பெயரில் ஓடுகிறது என்று
ததேயுஸிடம் கேட்க வேண்டும்.

சர்வேயர் வந்தபோது நான்தான் குடை பிடித்தேன்.
மூன்று பக்கமும் கல் கிடைத்தது.
நான்காவதைத் தேடி
கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்,
முழங்கால், இடுப்பு.
துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு
தண்ணீர் இந்தப் பக்கமாய்ச் சாய்கிறது, சார்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.
"ஏழே முக்காலுதான் இருக்கு.
மிச்சம் ஆத்துல."

அதே ஆற்றின் வாயில்,
பொழிமுகத்து மணல்திட்டில்,
படகோடு கவிழ்ந்தான் என் அண்ணன் வின்சிலாஸ்.
அவன் தாண்டாத எல்லை அது.
முப்பதடி இருக்கும்.

இரவு பதினொன்றரைக்கு ததேயுஸ் முகம் காட்டினான்.
போனைத் திருப்பினான்.
"இடது கரை ருமேனியா.
வலது கரை பல்கேரியா.
நடு ஆத்துல ஒரு கோடு உண்டாம், கண்ணுக்குத் தெரியாது."
அதன்மேலா நீ நிற்கிறாய்?
"நானா? நான் அடுக்களையில்."
சிரித்தான். பிறகு கேட்டான்:
"பேங்கில் என்ன சொன்னாவ?"

ஏழே முக்காலுக்குத்தான் கடன் தருவார்கள்.
ஆனால் தீர்வை ரசீதைப் பார்,
பதினொன்றரைக்கும் கட்டியிருக்கிறோம்.
போன வருஷமும். இந்த வருஷமும்.

நாயர் கடைசியில் வெறுமனே 'ஆறு' என்றே எழுதி
முத்திரை குத்தினார்.
மை காயும்வரை ஊதினேன்.

நிலா இல்லாத நேரம். தண்ணீர் ஏறுகிறது.
கல் கிடந்த இடத்துக்கு நேரே
ஒரு கணம்பு துள்ளி விழுகிற சத்தம்.

எங்கள் மூன்றே முக்கால் சென்டுக்குள்தான்.