படிவத்தின் கீழ்ப்பாதி

மேல்பாதி எனக்கு.
பெயர், வயது, ஊர், நாடித்துடிப்பு,
ஏன் அனுப்புகிறேன் என்று சொல்ல
இரண்டு வரி இடம்.
கீழ்ப்பாதி அவர்களுக்கு.
வந்து சேர்ந்தாரா, என்ன செய்தோம்,
இனி நீங்கள் என்ன செய்யவேண்டும்.
நடுவில் புள்ளிக்கோடு,
கிழித்துத் திருப்பி அனுப்ப.

ஆறு வருடமாக உக்கெரேவே தீவிலிருந்து
மேல்பாதிகளை ஏரி தாண்டி அனுப்புகிறேன்.
கீழ்ப்பாதிகளுக்கென்று ஓர் இழுப்பறை ஒதுக்கினேன்.
இப்போது அதில் டார்ச் பேட்டரிகள் கிடக்கின்றன.

முவான்சாவுக்குப் போகமாட்டேன் என்றார் மசாட்டு.
வயிறு படகுப்பலகையாய் இறுகியிருந்தது.
"அங்கே போன என் தம்பி
மீன் ஐஸ்பெட்டியில் திரும்பினான்.
அதற்கு வாடகை இரண்டு மடங்கு."
பொய் இல்லை.
அந்தத் தம்பியின் மேல்பாதியையும் எழுதியது நான்தான்.
அவன் தாமதமாக வந்தான் என்பது என் கணக்கு.
நீ தாமதமாக அனுப்பினாய் என்பது அவர் கணக்கு.
ஞான்ஜுரா எதுவும் பேசாமல்
பிளாஸ்டிக் பேசினுக்குள்
ஃபிளாஸ்க்கையும் மாற்றுத்துணியையும் வைத்து
மூடிக்கொண்டிருந்தாள்.

சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த்தொட்டியின் மூன்றாம் படியில்.
முதல் மருத்துவமனை: படுக்கை இல்லை.
இரண்டாவது: மணி அடித்து அடித்து ஓய்ந்தது.
மூன்றாவது: சர்ஜன் வெளியூர், காலையில் கூப்பிடுங்கள்.
காலை வரைக்கும் பொறு என்று
வயிற்றிடம் யார் சொல்வது.
நான்காவதில் ஒரு பெண்குரல்,
வாயில் சோற்றோடு: "சொல்லுங்கள்."
ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.
"பெயர்?"
மருத்துவ அலுவலர் மாஃபுரு என்றேன்.
"உங்களுடையது இல்லை.
வருகிறவருடையது."

அவரிடமே பேசவேண்டும் என்றாள்.
நாலு பேராகக் கட்டிலைத் தூக்கித்
தொட்டியடிக்குக் கொண்டுவந்தோம்.
வானம் முழுக்க நட்சத்திரம்,
ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை.
ஸ்பீக்கரில் கேட்டாள்:
எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது,
கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்,
கூட யார் வருகிறார்கள்.
"டகா மீன். நேற்று மத்தியானம்.
பெண்டாட்டி வருகிறாள்."
"சரி. பின்வாசலுக்கு வாருங்கள்.
முன்வாசலில் காவலாளி தகராறு செய்வான்.
நீல ஸ்வெட்டரில் நிற்பேன்."

போனைத் திருப்பித் தந்துவிட்டு
நெடுநேரம் ஏரியைப் பார்த்திருந்தார்.
பிறகு கேட்டார்: "என் செருப்பு எங்கே?"

சம்மதம் என்றொரு கட்டம் படிவத்தில் உண்டு.
அந்தச் சொல்லை அவர் சொல்லவேயில்லை.
செருப்பைத் தேடினார் என்று எழுத இடமும் இல்லை.
டிக் அடித்தேன்.

ஒற்றை மோட்டார்ப் படகு.
டகாவுக்கு விளக்கேற்றி மிதந்த படகுகள்
வலையைச் சுருட்டி ஒதுங்கியது
கரையிலிருந்தே தெரிந்தது.
இருட்டில் ஒரு சந்து திறந்து
மறுபடி மூடிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் பெர்ரியில் வந்தது.
தக்காளிக் கூடைக்குள், டிக்கெட் கிழிப்பவன் கையால்,
ஒரு கீழ்ப்பாதி.
கோணலாய்க் கிழித்ததில்
என் கையெழுத்தின் வால் ஒட்டிக்கொண்டிருந்தது.

மசாட்டு புவிரே.
வந்து சேர்ந்தார். இரவு 2.10.
பெற்றுக்கொண்டவர்: மின்ஸா.
மற்ற கட்டங்கள் காலி.

ஞான்ஜுராவின் போன் அணைந்தே இருக்கிறது.
மற்றதைத் தெரிந்துகொள்ள
மூன்றாம் படி ஏறவேண்டும்.
இன்னும் ஏறவில்லை.
பேட்டரிகளை மட்டும்
ஜன்னல் மாடத்துக்கு மாற்றிவிட்டேன்.