வரவில் ஒரு கட்டை

சமாதானபுரத்தில் யாரும்
குளிருக்கென்று நெருப்பு மூட்டி உட்காருவதில்லை.
ஆனாலும் கோயம்புத்தூர் மச்சினன் வீட்டில் பார்த்துவிட்டேன்,
விறகுக்கட்டை மாதிரியே ஒரு கேக்.
வந்ததும் பலகையில் எழுதிவைத்தேன்:
"கட்டை கேக், கிலோ எண்ணூறு."

கோயில் குட்டியார் குடையை மடக்கி
ஒருதரம் வாசித்தார், மறுதரம் வாசித்தார்.
"நல்ல நாளும் அதுவுமா
கட்டைய எவம்லே வீட்டுக்குள்ள கொண்டு போவான்?
அது வெளிய கொண்டுபோறதுல்லா."
அழித்துவிட்டு "மரத்துண்டு" என்றேன்.
அதற்கும் சிரித்தார்கள்.
கடைசியில் எழுத்தே வேண்டாமென்று
படத்தை மட்டும் ஒட்டினேன்.

இருபத்து நாலாம் தேதி, எட்டுத் தாள் வெந்தது.
சூடு இருக்கும்போதே
ஈரத் துணியோடு சேர்த்துச் சுருட்டவேண்டும்.
பீர் பத்தமடைக்காரன்;
பாய் சுருட்டுகிற கை, சொல்லவே வேண்டாம்.
ஏழு முடிந்து எட்டாவதைத் தொடும்போது
கரெண்டு போயிற்று.
மெழுகுவத்தி தேடிக் கொளுத்துவதற்குள்
அது ஆறி,
சுருட்டச் சுருட்ட
சத்தமில்லாமல் முதுகு பிளந்தது.
க்ரீம் பூசினேன். க்ரீமையும் உள்ளே இழுத்துக்கொண்டது.
முள்கரண்டியால் பட்டை கீறினேன்.
சீனிப்பொடி தூவச் சொன்னது படம்; பனியாம்.
அடைமழை ஈரத்தில்
தூவின கையைத் துடைக்குமுன் கசிந்தது.

ராத்திரி பத்து.
கேரல் லாரி போய்விட்டது,
தாடி நனைந்த தாத்தாவோடு.
ஏழு விற்று, கண்ணாடிக்குப் பின்னால்
வெடித்தது மட்டும் இருந்தது.

அப்போதுதான் எப்சிபா வந்து
டி.வி.எஸ்ஸை நிறுத்தினாள்.
குலவணிகர்புரம் கேட்டுக்குப் பக்கத்து விறகுக் கடை.
புருஷன் மஸ்கட்டில்.
என் அடுப்புக்கு வந்த உடைவிறகில்
அக்டோபர் பாக்கி, நவம்பர் பாக்கி.
அதைப் பேசத்தான் வந்தாள், பேசவில்லை.
கண்ணாடியில் மூக்கை வைத்து,
"இது என்ன மரம் அண்ணாச்சி?" என்றாள்.

நான் அதை யோசித்ததே இல்லை.

"வேம்புன்னா பட்டை கட்டங் கட்டமா நிக்கும்.
புளி, பொருக்குத் தட்டும்.
இது நீளநீளமா உரியுது. தைல மரமா?"
வெடிப்பைப் பின்பக்கம் திருப்பப் போனேன்.
"அத ஏன் மறைக்கிய?
வெடிச்ச கட்டைதான் காஞ்ச கட்டை.
வெடிக்காதத வச்சா
பொகைஞ்சே கண்ண அவிச்சிரும்.
அந்த வெள்ளதான் சரியில்ல, பூஞ்சை."
"அது பனிம்மா."
"பனியா?"
திரும்பி, தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"வீட்டச் சுத்திக் கெடக்கது பூரா வெறகு.
பிள்ளையளுக்கு அது பத்தலையாம்.
நாலு நாளா இந்தப் படத்தச் சொல்லியே உசிர எடுக்குதுவ."

அட்டையோடு ஒரு கையில் தூக்கினாள்.
"ஒண்ணு இருநூறு."
தராசு ஒன்று இருநூற்று நாற்பது என்றது.
"அந்த நாப்பது ஈரம்.
மழைக்காலத்துல நீங்க எங்கிட்ட கழிப்பியள்லா?"

கழிப்பேன். ஒவ்வொரு வண்டிக்கும் கழிப்பேன்.

பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து நோட்டு வந்தது.
பற்றுப் பக்கம் முழுக்க என் பேரில்
கட்டை, கட்டை, கட்டை.
பென்சிலை நாக்கில் தொட்டு
எதிர்ப் பக்கத்தில் எழுதினாள்:
"வரவு, கட்டை ஒன்று. காய்ந்தது."

மீதி பாக்கியை அவளும் கேட்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
பின்சீட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்,
என்ன நினைத்தாளோ, திரும்பக் கட்டினாள்.
பெட்டியைக் காலடியில் வைத்து
மழைக்கோட்டைக் கழற்றி அதற்குப் போட்டாள்.

இந்நேரம் கேட் போட்டிருப்பான்.
நாகர்கோவில் வண்டி போகும்வரை
நனைந்துகொண்டு நிற்பாள்,
நனையாத ஒரு விறகோடு.